இல்லத்தில் வளர்ந்த பையனைத் தங்கைக்குக் கட்டிக்கொடுக்கலாமா: படம் காட்டும் பயமும் நிஜமும்

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மேலே எழுதியிருப்பது சினிமாவைப் பற்றியது. 'சிகப்பு ரோஜாக்கள்', 'காதல் கொண்டேன்' மாதிரிப் படங்களில் சின்ன வயதில் கேட்பாரற்று வளர்ந்தவன் பெரியவனானதும் ஒரு பெண்ணின் மேல் வெறிகொண்டு கொலைவரை போகிறானே, மனநலவியல்படி இது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். கீழே போகிற போக்கில் சேர்த்ததுபோல இருக்கும் நாலு வரிதான் உங்களை எழுத வைத்த விஷயம். உங்கள் தங்கை விரும்பும் பையன் சென்னையில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர். நல்ல வேலையில் இருக்கிறார், தங்கைக்கு அவரை மூன்று வருடமாகத் தெரியும். உங்கள் அம்மா அப்படி ஒரு படத்தை டிவியில் பார்த்த நாளிலிருந்து, "பெத்தவங்க பாசமே தெரியாம வளர்ந்த பையன், நாளைக்கு என்ன பண்ணுவானோ" என்று புலம்புகிறார். அம்மா சொல்வதில் ஏதாவது இருக்குமோ என்று உங்களுக்கும் ஒரு உறுத்தல். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இரண்டாவதை மனதில் வைத்துத்தான் முதலாவதற்குப் பதில் சொல்லப் போகிறேன்.

நான் குழந்தைகள் மனநலத்தில் வேலை பார்க்கும் உளவியலாளர். சென்னையில் இருக்கும் குழந்தைகள் இல்லங்களுக்குப் போய்ப் பிள்ளைகளோடும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களோடும் பேசுவது பல வருடங்களாக என் வேலையில் பெரும்பகுதி. அந்தப் பையனை நான் பார்த்ததில்லை. அதனால் அவர் நல்லவர் என்றோ, ஜாக்கிரதையாக இருங்கள் என்றோ இங்கிருந்து சொல்ல எனக்கு வழியில்லை. அவரைப் போல வளர்ந்தவர்களைப் பற்றி எது உறுதியாகத் தெரிந்தது, எது இன்னும் முடிவாகாதது, நீங்கள் உண்மையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் படங்கள். 1978ல் வந்த 'சிகப்பு ரோஜாக்கள்' கதையைக் கொஞ்சம் கவனமாக நினைத்துப் பாருங்கள். அந்தச் சிறுவன் அண்டிப் பிழைக்கும் வீட்டில் பட்ட அவமானம், இன்னொரு வீட்டில் கண்ணால் பார்த்த கொலை, இவைதான் அவனைக் கெடுத்தன என்று நமக்கு ஞாபகம். ஆனால் அந்தக் கொலையைச் செய்தவரே அவனைத் தத்தெடுத்து வளர்க்கிறார், பெண்கள் மேல் வெறுப்பை அவனுக்கு ஊட்டுகிறார், பெரியவனான பிறகும் அவன் செய்வதைப் பார்த்து ரசிக்கிறார். அது கவனிப்பில்லாமல் வளர்ந்தவனின் கதையே இல்லை. ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து வெறுப்பைக் கற்றுக்கொடுத்து வளர்த்த பையனின் கதை. 'காதல் கொண்டேன்' 2003ல் வந்தது. அதில் வினோத் அனாதையாகக் கொத்தடிமை வேலையில் சிக்கி, அடிபட்டு, தன் தோழி சிதைக்கப்பட்டுச் சாவதையும் பார்த்தவன். வகுப்பில் தூங்கிக்கொண்டிருப்பான், எழுப்பிக் கணக்குப் போடச் சொன்னால் போட்டுவிட்டுத் திரும்பத் தூங்கப் போய்விடுவான். அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். யாரிடமும் சேராமல், யாரும் தன்னை மெச்ச வேண்டும் என்றும் எதிர்பாராமல் இருக்கும் பிள்ளையை அத்தனை சரியாகக் காட்டிய படம் அதற்கு முன் நம்மிடம் குறைவு. ஆனால் அதே படத்தில் நாகேஷ் நடித்த பாதிரியார் ஒருவர் வருகிறார். தப்பி வந்த சிறுவனை எடுத்து வளர்த்து, படிக்க வைத்து, கல்லூரிக்கு அனுப்பியவர். அத்தனை வருடம் அவர் காட்டிய அன்புக்குக் கதையில் ஒரு விளைவும் கிடையாது. அடித்தவர்கள் மட்டும் வினோத்துக்குள் மிஞ்சியிருக்கிறார்கள், வளர்த்தவர் மிஞ்சவில்லை. என் அனுபவத்தில் நிஜத்துக்கும் படத்துக்கும் நடுவே இருக்கும் பெரிய இடைவெளி இதுதான்.

படம் முடிவிலிருந்து பின்னோக்கிப் போகிறது என்பது அடுத்த சிக்கல். முதலில் கொலைகாரன், பிறகு அவன் ஏன் இப்படி ஆனான் என்று ஒரு பிளாஷ்பேக். அதைப் பார்க்கும்போது அந்தப் பால்யமும் இந்தக் கொலையும் ஒரே கோட்டில் வந்த மாதிரி இருக்கும். அதே பால்யத்தோடு வளர்ந்து, இன்று அம்பத்தூரில் லேத் ஓட்டுபவர், தாம்பரத்தில் நர்ஸாக இருப்பவர், பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போகிறவர், இவர்கள் யாருக்கும் படத்தில் இடமில்லை. அவர்கள் கதையில் படம் எடுக்க என்ன இருக்கிறது? உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பால்யத்திலிருந்து முன்னோக்கிப் போக வேண்டும். கவனிப்பில்லாமல் வளர்ந்த நிறையப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, அவர்கள் என்ன ஆனார்கள் என்று பல வருடம் பின்தொடர வேண்டும்.

அப்படிச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கேத்தி ஸ்பாட்ஸ் விடம் என்ற ஆய்வாளர், 1967 முதல் 1971 வரை நீதிமன்றத்தில் பதிவான வழக்குகளிலிருந்து, 11 வயதுக்குள் அடியோ புறக்கணிப்போ பாலியல் கொடுமையோ அனுபவித்த 908 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார். அதே வயது, அதே மாதிரி வசதி கொண்ட, அப்படிப்பட்ட பதிவு இல்லாத 667 பேரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். முடிவு 1989ல் வெளிவந்தது. வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானவர்கள் முதல் கூட்டத்தில் 100க்கு சுமார் 11 பேர், இரண்டாவது கூட்டத்தில் 100க்கு சுமார் 8 பேர். அடிபடாமல், வெறும் புறக்கணிப்பை மட்டும் அனுபவித்தவர்களில் 100க்கு 12 அல்லது 13 பேர்.

இந்த எண்ணை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. கைகூட ஓங்காமல், சும்மா கண்டுகொள்ளாமல் விட்டாலே அது கூடுகிறது என்பது அன்று பலருக்கும் அதிர்ச்சி. 'நான் அடிக்கலையே, சோறு போட்டேனே' என்று சொல்லும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும். ஆனால் மறுபக்கம், நூற்றில் கிட்டத்தட்ட தொண்ணூறு பேர் வன்முறைக்காகக் கைதாகவே இல்லை. கைதானவர்களிலும் பெரும்பாலோர் கைகலப்பு, வழிப்பறி மாதிரி வழக்குகளில் போனவர்களாகத்தான் இருக்கும். ஒரு பெண்ணை மையமாக வைத்துச் சுற்றிச்சுற்றி வரும் கொலைவெறி என்பது எந்த நாட்டிலும் மிக மிக அரிது.

இந்த ஆய்வின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். அது அமெரிக்காவின் ஒரு பகுதி, பெரும்பாலும் ஏழைக் குடும்பங்கள். நம் ஊர்க் கூட்டுக்குடும்பம், நம் ஊர் இல்லங்கள், நம் போலீஸ் எல்லாம் வேறு. அதைவிட முக்கியம், கைதானால்தான் கணக்கில் வரும். வீட்டுக்குள் மனைவி மேல் விழும் அறை எந்த ஸ்டேஷன் பதிவேட்டிலும் ஏறாது. நீங்கள் கேட்பது ஒரு கல்யாணத்தைப் பற்றி என்பதால் இதை மறைக்க விரும்பவில்லை. மரபணு விஷயமும் இப்படித்தான். 2002ல் நியூசிலாந்தின் டுனெடின் நகரில் பிறந்த பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்விலிருந்து ஒரு முடிவு வந்தது: கொடுமைப்பட்டு வளர்ந்த ஆண் பிள்ளைகளில் குறிப்பிட்ட ஒரு மரபணு வகை இருப்பவர்களிடம் முரட்டுத்தனம் அதிகம் என்று. பத்திரிகைகள் அதைக் 'கொலைகார மரபணு' அளவுக்குக் கொண்டுபோய்விட்டன. பிறகு வந்த ஆய்வுகள் சில ஒத்துப்போயின, சில ஒத்துப்போகவில்லை. அதை வைத்து ஒரு தனி மனிதரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அப்படியானால் கவனிப்பில்லாமல் வளர்வது ஒன்றும் செய்யாதா? செய்யும். ஆனால் சத்தமில்லாமல் செய்யும், அதனால்தான் சினிமாவில் வராது. புதிதாக இல்லத்துக்கு வந்த ஐந்து வயதுப் பையன் ஒருவனின் தலையணை உறைக்குள் எறும்பு மொய்க்கிறது என்று ஆயா ஒருநாள் கூப்பிட்டார். உள்ளே இரண்டு இட்லி, காய்ந்த ரொட்டித் துண்டு, ஒரு பிஸ்கட். மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிடுகிற பையன்தான். அடுத்த வேளை வரும் என்று அவன் உடம்பு இன்னும் நம்பவில்லை. அந்த ஆயா திட்டவில்லை. மூடி போட்ட ஒரு டப்பாவைக் கொடுத்து, "இதுல வச்சுக்கோ ராசா, எறும்பு வராது" என்றார். சில மாதத்தில் டப்பா காலியாகக் கிடந்தது. இன்னொரு பெண் குழந்தை, விளையாடும்போது விழுந்து முட்டியில் ரத்தம் வழிய வந்து, ஒரு வார்த்தை பேசாமல் என் பக்கத்தில் நின்றது. அழவில்லை. அழுதால் யாராவது வருவார்கள் என்பது பிறவியிலேயே தெரிந்த விஷயம் இல்லை. யாராவது நூறு தடவை வந்திருந்தால்தான் ஒரு குழந்தைக்கு அது தெரியும்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடக்கும். பிறந்தநாள் என்று இல்லத்துக்கு பிரியாணியோடு வரும் குடும்பங்களின் மடியில் சில பிள்ளைகள் வந்த நிமிடமே ஏறி உட்கார்ந்து, 'அம்மா' என்று கூப்பிடும். வந்தவர்களுக்குக் கண் கலங்கிவிடும். எங்களுக்குக் கவலையாக இருக்கும். முன்பின் தெரியாதவரிடம் அப்படி ஒட்டிக்கொள்ளும் குழந்தைக்குத் தனக்கென்று ஒருவர் இல்லை என்று அர்த்தம். தப்பாக நினைக்காதீர்கள், சாப்பாடு கொண்டு வருகிறவர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் வாராவாரம் புதுப்புது முகம் வந்து கொஞ்சிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போவதைவிட, ஒரே ஆள் மாதம் ஒருமுறை வந்து, அடுத்த மாதமும் வருவதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு மருந்து.

இது வெறும் என் அபிப்பிராயம் இல்லை. ருமேனியாவில் 1989ல் ஆட்சி கவிழ்ந்தபோது அங்கிருந்த பெரிய பெரிய அனாதை இல்லங்களை உலகம் பார்த்தது. வரிசையாகக் கட்டில்கள், தூக்கி வைத்துக்கொள்ள ஆளில்லாத குழந்தைகள். 2000ல் புகாரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு தொடங்கியது. பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள், மீதிப் பேருக்கு வழக்கமான ஏற்பாடே தொடர்ந்தது. குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் பேச்சிலும், அறிவிலும், பிறரோடு ஒட்டுவதிலும் தெளிவாகத் தேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் நன்றாகவே தேறினார்கள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கௌவாயில் 1955ல் பிறந்த குழந்தைகளை எமி வெர்னர் என்பவர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார். வறுமை, குடிகாரத் தகப்பன், மனநோய் உள்ள தாய் என்று பல கஷ்டம் ஒன்றாகச் சேர்ந்து வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு, எந்தப் பெரிய சிக்கலும் இல்லாமல் அன்பான பெரியவர்களாக வளர்ந்திருந்தது. மீதியில் பலரும் முப்பது, நாற்பது வயதுக்குள் தங்களைச் சரிசெய்துகொண்டார்கள். அந்தப் பிள்ளைகள் பலர் வாழ்க்கையில் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று, பெற்றவராக இல்லாவிட்டாலும் கூடவே நின்ற ஒரு பெரியவர்: ஒரு பாட்டி, ஒரு டீச்சர், ஒரு பக்கத்து வீட்டு அம்மா. படம் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் விட்ட அந்தப் பாதிரியார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. இந்தப் படங்களை இல்லத்துப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். ஞாயிறு மத்தியானம் ஹாலில் டிவி, தரையில் வரிசையாக உட்கார்ந்து எல்லோரும் படம் பார்ப்பார்கள். ஒருநாள் அப்படி ஒரு படம் முடிந்ததும், பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் நான் கிளம்பும்வரை கேட் பக்கத்தில் காத்திருந்து, "அக்கா, எனக்கும் அப்பா அம்மா இல்லையே, நானும் அப்படி ஆயிடுவேனா?" என்று கேட்டான். ஆகமாட்டாய் என்று சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன். அவன் தலையாட்டினான். ஆனால் அந்தக் கேள்வியை அவனுக்குள் யார் போட்டது என்ற கோபம் எனக்கு இன்றும் தீரவில்லை. உங்கள் அம்மாவின் பயம் அந்தப் பையன்களுக்குப் புதிதாக இருக்காது. வேலை கேட்டுப் போகும்போதும், வாடகைக்கு வீடு கேட்கும்போதும், பெண் கேட்கும்போதும் எதிராளி கண்ணில் அதைப் பார்த்துத்தான் வளர்ந்திருப்பார்கள்.

இனி அந்த வெறி விஷயத்துக்கு வருகிறேன். படங்கள் மூன்று வேறுவேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழைத்துவிடுகின்றன. இல்லாததைப் பார்ப்பது, இல்லாத குரலைக் கேட்பது ஒரு வகை நோய். அதற்கு மாத்திரை உண்டு, நன்றாகவே கேட்கும். அந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தொட மாட்டார்கள். அவர்களே அடிபடுவதுதான் அதிகம். இரண்டாவது, தன்னோடு பேசிக்கூட இராத ஒருவர் தன்னைக் காதலிக்கிறார் என்று அசைக்க முடியாமல் நம்புவது. பிரெஞ்சு மனநல மருத்துவர் கிளெராம்போ 1921ல் இதை விரிவாக எழுதினார். இது நிஜ நோய், ஆனால் அபூர்வம். மூன்றாவது, ஒரு பெண் முடியாது என்று சொன்னதைப் பொறுக்க முடியாமல் பின்னால் அலைந்து, மிரட்டி, பழிவாங்குவது. நம் ஊரில் பேப்பரில் வரும் சம்பவங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது வகை என்பது என் கணிப்பு. இது பெரும்பாலும் நோயே இல்லை. ஆஸ்திரேலியாவில் பால் முல்லன் குழுவினர் இப்படிப் பின்தொடர்ந்த 145 பேரை ஆராய்ந்து 1999ல் எழுதினார்கள். அதில் மிகப் பெரிய பிரிவு, உறவு முறிந்ததை ஏற்க முடியாதவர்கள். தாய் தகப்பனோடு, வசதியாக, கேட்டதெல்லாம் கிடைத்து வளர்ந்த பையன்களும் இந்த வரிசையில் உண்டு. பின்னால் அலைந்தால் பெண் மனம் மாறுவாள் என்று பாட்டுப் போட்டுச் சொல்லிக்கொடுத்ததில் நம் சினிமாவுக்குப் பங்கு உண்டு. அது எத்தனை பங்கு என்பது ஆராய்ச்சியில் தீர்ந்த விஷயம் அல்ல, பங்கே இல்லை என்று மட்டும் நான் ஒப்ப மாட்டேன். இப்படிப் பின்தொடர்வதைச் சட்டம் 2013லிருந்து தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆம் பிரிவு.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது அவர் எங்கே வளர்ந்தார் என்பதை அல்ல. உங்கள் தங்கை ஒரு விஷயத்துக்கு 'வேண்டாம்' என்று சொன்னால் அவர் என்ன செய்கிறார் என்பதைப் பாருங்கள். மூன்று வருடத்தில் அவள் எத்தனையோ தடவை சொல்லியிருப்பாள். இன்றைக்கு வர முடியாது, இந்தப் படம் வேண்டாம், இதை என் வீட்டில் இப்போது சொல்லாதே, என்னைத் தொடாதே. அப்போது அவர் முகம் வாடி, பிறகு சரியாகிவிடுகிறாரா? அல்லது நாலு நாள் பேசாமல் இருந்து தண்டிக்கிறாரா, அவள் ஆபீஸ் கேட் முன்னால் வந்து நிற்கிறாரா, போன் பாஸ்வேர்டு கேட்கிறாரா, லொக்கேஷனை ஆன் பண்ணச் சொல்கிறாரா, கையை அறுத்துக்கொள்வேன் என்கிறாரா? தோழிகள் ஒவ்வொருவராகக் குறைந்திருக்கிறார்களா? அவரிடம் பேசும் முன் அவள் வார்த்தையை யோசித்து யோசித்துப் பேசுகிறாளா? இதில் ஒன்றிரண்டுக்கு ஆமாம் என்று பதில் வந்தால், அவர் அரண்மனையிலேயே வளர்ந்திருந்தாலும் கல்யாணத்தைத் தள்ளி வையுங்கள். நாம் சம்பந்தம் பேசும்போது சம்பளம், சொந்த வீடு, ஜாதகம், மாமியார் குணம்வரை விசாரிக்கிறோம். இதை யாரும் விசாரிப்பதில்லை.

ஒரு இடத்தில் மட்டும் குழப்பம் வரும். கவனிப்பில்லாமல் வளர்ந்தவர்களுக்கு, போன் எடுக்கவில்லை என்றால் உள்ளே பயம் கிளம்பும். போனவர்கள் திரும்பி வராத வாழ்க்கையைப் பார்த்தவர்கள். உங்கள் தங்கை மெட்ரோவில் சிக்னல் இல்லாமல் இருந்த அரை மணி நேரத்தில் அவர் பத்து தடவை கூப்பிட்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இதுவும் கட்டுப்படுத்த நினைப்பவர்கள் செய்வதும் ஒன்றுபோலவே இருக்கும். அதற்குப் பிறகு நடப்பதில்தான் வித்தியாசம் தெரியும். பயந்தவர் அவள் குரலைக் கேட்டதும் அடங்கிவிடுவார், கொஞ்சம் வெட்கப்படுவார், 'ஏறினதும் ஒரு மெசேஜ் போட்டுடு, போதும்' என்று ஒரு ஏற்பாட்டுக்கு வருவார், அந்த ஏற்பாட்டில் நிற்பார். கட்டுப்படுத்த நினைப்பவருக்கு எந்த ஏற்பாடும் போதாது. இன்று மெசேஜ், நாளை போட்டோ, அடுத்து 'யார்கூட இருந்தே'. இதை ஒரே நாளில் கண்டுபிடிக்க முடியாது, மூன்று வருடத்தில் கண்டுபிடிக்கலாம். உங்கள் தங்கைக்கு ஏற்கெனவே விடை தெரிந்திருக்கும். அவளை உட்காரவைத்து, விசாரணை மாதிரி இல்லாமல், காது கொடுத்துக் கேளுங்கள்.

அவரிடமும் கேட்கலாம். 'உனக்கு என்னவெல்லாம் நடந்தது' என்று பெரியவர்கள் நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள், அது கொடுமை. உங்களைப் பார்த்துக்கொண்டது யார், இப்பவும் யாரோடு பேசுகிறீர்கள் என்று கேளுங்கள். பதினெட்டு வயது முடிந்தால் இல்லத்தை விட்டு வெளியே வந்தாக வேண்டும். பலரும் ஒரு பெட்டி, ஒரு பையில் சர்டிபிகேட்டுகள், அவ்வளவோடுதான் வருவார்கள். ரேஷன் கார்டு இருக்காது, நிரந்தர முகவரி என்று எழுத ஒரு வீடு இருக்காது. அதிலிருந்து படித்து, வேலை தேடி, வாடகை கொடுத்து, ஒரு பெண்ணிடம் மூன்று வருடம் மரியாதையாகப் பழகியிருக்கிறார் என்றால் நடுவில் நிச்சயம் சில மனிதர்கள் இருந்திருப்பார்கள். கூட வளர்ந்த அண்ணன் தம்பிகள், ஒரு வார்டன், ஒரு வாத்தியார். பழைய உறவுகளை விடாமல் வைத்திருப்பது நல்ல அடையாளம். ஒருவர்கூட இல்லை, எல்லோரோடும் சண்டை, எல்லோரும் துரோகிகள் என்று சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். அதுவும் தீர்ப்பு அல்ல, மெதுவாகப் போகச் சொல்லும் காரணம்.

கல்யாணத்துக்கு முன்பு இருவரும் சேர்ந்து ஒரு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. அவரை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பாதீர்கள். 'இவர் யாரையும் ஒன்றும் செய்ய மாட்டார்' என்று எந்த மனநல மருத்துவரும் எழுதிக் கொடுக்க முடியாது, உங்களுக்கோ எனக்கோ கூடக் கொடுக்க முடியாது. அப்படிச் சான்று தரும் டெஸ்ட் ஒன்று உண்டு என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள். செலவு கவலையாக இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சினிமாவில் 'கீழ்ப்பாக்கம்' என்று கேலிக்கு மட்டும் பயன்படுத்திவிட்ட அரசு மனநலக் காப்பகம் 1794லிருந்து இந்த ஊரில் இருக்கிறது, அங்கேயும் வெளிநோயாளிகளைப் பார்க்கிறார்கள். போனில் பேச அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416, தமிழில் பேசலாம், கட்டணமில்லை. நான் மேலே சொன்ன மிரட்டல், பின்தொடர்தல் எதுவும் இருப்பதாகத் தங்கை சொன்னால் பெண்கள் உதவி எண் 181.

கடைசியாக, உறவினர்களிடம் அவர் இல்லத்தில் வளர்ந்ததை மறைத்து, அப்பா அம்மா காலமாகிவிட்டார்கள் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதை அவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், நீங்களாகச் செய்யாதீர்கள். சிலருக்கு மறைப்பது நிம்மதி, சிலருக்கு வளர்த்தவர்களை மறுப்பது போல வலிக்கும். கல்யாணப் பத்திரிகையில் பெற்றோர் பெயர் வரும் இடத்தில் என்ன போடுவது, முகூர்த்தத்தில் அவர் பக்கம் யார் உட்காருவது, சீர் வாங்கிக்கொள்ள யார் நிற்பது, இதையெல்லாம் அவர் இந்நேரம் தனியாக யோசித்துக்கொண்டிருப்பார், கேட்கக் கூச்சமாக இருக்கும். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே உங்கள் வீட்டிலிருந்து யாராவது இந்தப் பேச்சை எடுங்கள். அவரை வளர்த்தவர் உயிரோடு இருந்தால் அம்மாவை ஒருமுறை அவரிடம் அழைத்துப் போங்கள். சின்ன வயதில் எப்படி இருந்தான், எதற்கு அழுவான், எதைக் கேட்டு அடம்பிடிப்பான் என்று அம்மாவே கேட்கட்டும். டிவியில் பார்த்த பையனைப் பற்றித்தான் அம்மாவுக்கு இப்போது தெரியும், இந்தப் பையனைப் பற்றித் தெரிந்தவர் அவர்.